ஹோம் லோன் க்ளோஸ் பண்ணப்ப 66,080 ரூபா ஃபோர்க்ளோஷர் சார்ஜ் (முன்கூட்டியே அடைக்கறதுக்கான கட்டணம்) புடிச்சிட்டாங்க, திரும்ப வாங்க வழி இருக்குங்களா?

சிங்காநல்லூர்_மணி
வணக்கம்ங்க. ஒரு ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனில (பேரு வேண்டாம்ங்க) 2019ல வீட்டு லோன் எடுத்தேன், ஃப்ளோட்டிங் ரேட் (ஏறி இறங்கற வட்டி). ஏறும்போது மட்டும் உடனே ஏத்துறாங்க, இறங்கும்போது கேட்டா கன்வர்ஷன் ஃபீஸ் கட்டுங்கறாங்க, சரி போதும்னு ஒரு கவர்மெண்ட் பேங்குக்கு மாத்திட்டேன். க்ளோசிங் லெட்டர்ல பாக்கி 28 லட்சத்துக்கு 2% ஃபோர்க்ளோஷர் சார்ஜ் 56,000, அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி 10,080. ஏன்னு கேட்டா அக்ரிமெண்ட்ல க்ளாஸ் இருக்கு, நீங்களும் வீட்டம்மாவும் கையெழுத்து போட்டுருக்கீங்கன்னு பிராஞ்ச்ல பேப்பரைத் தூக்கி காட்டுறாங்க. புது பேங்க் ஆளு டிடியோட பக்கத்துல நிக்கறாரு, கட்டினாதான் பத்திரம்னு சொல்லிட்டாங்க, கட்டிட்டேன். வீட்டம்மா டெய்லரிங் யூனிட் வெச்சிருக்காங்க, லோன்ல கோ-அப்ளிகண்ட் (கூட சேர்ந்து விண்ணப்பிச்சவங்க), அதனால இது பிசினஸ் லோன் மாதிரின்னு வேற ஒரு கதை. ஃப்ரெண்டு ஒருத்தன் ஆர்பிஐ ஓம்பட்ஸ்மேன்ல (ரிசர்வ் பேங்கோட குறைதீர்ப்பாளர்) போடுங்கறான். போட்டா வருங்களா?

கணக்கு_வாத்தி
ப்ரோ கையெழுத்து போட்டாச்சுன்னா அவ்ளோதான். 40 பக்கத்தை எவன் படிக்கறான். விட்டுட்டு வேலையைப் பாருங்க.

முன்னாள்_லோன்_ஆபீசர்
வாத்தியார் சொல்றதைக் கேட்டு விட்றாதீங்க மணி. ஃப்ளோட்டிங் ரேட் வீட்டு லோனுக்கு தனிநபர்கிட்ட முன்கூட்டி அடைக்கறதுக்கு சார்ஜ் வாங்கக்கூடாது, இது பழைய சட்டம். ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்கு நேஷனல் ஹவுசிங் பேங்க் (அந்தக் கம்பெனிகளைக் கண்காணிக்கற அமைப்பு) 2011 அக்டோபர்லயே சொல்லியாச்சு, பேங்குகளுக்கு ஆர்பிஐ 2012 ஜூன்ல சொன்னது. பணம் எங்கேருந்து வந்துதுங்கறது ஃப்ளோட்டிங்ல மேட்டரே இல்ல, வேற பேங்குக்கு மாத்தினாலும் சரி, நிலம் வித்து கட்டினாலும் சரி. ஃபிக்சட் ரேட்டா (மாறாத வட்டி) இருந்தாதான் சொந்தப் பணமா கடன் வாங்கின பணமான்னு பாப்பாங்க. முதல் ரெண்டு மூணு வருஷம் ஃபிக்சட், அப்புறம் ஃப்ளோட்டிங்னு இருந்தா, ஃப்ளோட்டிங்க்கு மாறின பிறகு ஃப்ளோட்டிங் ரூல்தான்.

கம்பெனி லைசென்ஸ் வாங்கினதே ரெகுலேட்டர் சொல்றபடி நடப்போம்னுதான், அப்புறம் க்ளாஸ் இருக்குன்னு கஸ்டமர்கிட்ட காட்டினா என்ன அர்த்தம்? நான் வேலை பாத்த காலத்துல டார்கெட் டென்ஷன்ல இதை நூறு பேர்கிட்ட கேட்டா தொண்ணூறு பேர் கட்டிடுவாங்க, கம்பெனி அந்தக் கணக்குலதான் ஓடுது. கோ-அப்ளிகண்ட் கதையும் செல்லாது, கூட யார் கையெழுத்து போட்டிருந்தாலும் பிசினஸ் இல்லாத நோக்கத்துக்கு தனிநபருக்குக் குடுத்த ஃப்ளோட்டிங் லோனுக்கு சார்ஜ் கிடையாதுன்னு 2019ல தெளிவாவே சொல்லிருக்காங்க. வீட்டம்மா தொழில் பண்றதால வீடு கடையாயிடாது. சாங்ஷன் லெட்டர்ல நோக்கம்னு என்ன போட்டுருக்கு, அதை மட்டும் பாத்து சொல்லுங்க.

சிங்காநல்லூர்_மணி
பாத்தேன்ங்க சார், இங்கதான் சிக்கல். ரெண்டு அக்கவுண்ட் இருக்கு. மெயின் லோன் பாக்கி 22 லட்சம், நோக்கம் வீடு வாங்க. 2022ல ஒரு டாப்-அப் (அதே வீட்டு மேல வாங்கின கூடுதல் லோன்), பாக்கி 6 லட்சம், அதுல நோக்கம் "பிசினஸ்"னு இருக்கு, ஏஜெண்ட் பையன் நிரப்பினது, நெசமா அந்தக் காசு மாடி ரூம் கட்டவும் அப்பா ஆபரேஷனுக்கும்தான் போச்சு.

முன்னாள்_லோன்_ஆபீசர்
அப்ப ரெண்டாப் பிரிச்சு கேளுங்க. 22 லட்சத்துக்கு 44,000, ஜிஎஸ்டி 7,920, ஆக 51,920. இது உங்களுக்கு கெட்டியான கேஸ். டாப்-அப்புக்கு 12,000, ஜிஎஸ்டி 2,160, அது 14,160, இதுக்கு அந்த ஒத்த வார்த்தையைப் புடிச்சிட்டு சண்டை போடுவாங்க. கட்டட பில், ஆஸ்பத்திரி பில், அக்கவுண்ட் ஸ்டேட்மெண்ட் இருந்தா வைங்க, கிடைச்சா லாபம். மொத்தத்தையும் ஒரே குண்டா கேட்டீங்கன்னா டாப்-அப்பைக் காட்டி முழுசையும் தள்ளிடுவாங்க.

சட்டம்_படிச்ச_அக்கா
ஓம்பட்ஸ்மேன் விஷயத்துல ஒண்ணு. ஆர்பிஐ ஓம்பட்ஸ்மேன் பேங்குக்கும் என்பிஎஃப்சிக்கும் (பேங்க் இல்லாத நிதிக் கம்பெனி), ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனி அதுல வராது. அங்க போட்டா வரம்புக்குள்ள இல்லைன்னு மூடிடுவாங்க, நீங்க மாசக்கணக்குல காத்திருந்தது வேஸ்ட். உங்களுக்கு நேஷனல் ஹவுசிங் பேங்கோட கிரிட்ஸ்ங்கற ஆன்லைன் புகார் போர்ட்டல். முதல்ல கம்பெனியோட குறைதீர் அதிகாரிக்கு எழுத்துல குடுங்க, மெயிலும் போடுங்க, அக்னாலெட்ஜ்மெண்ட் வெச்சுக்கோங்க, ஒரு மாசத்துல பதில் இல்ல, இல்லைன்னா பதில் சரியில்லன்னா கிரிட்ஸ். அவங்க ஓம்பட்ஸ்மேன் மாதிரி தீர்ப்பெல்லாம் எழுத மாட்டாங்க, ஆனா நேஷனல் ஹவுசிங் பேங்க்கிட்டேருந்து கடிதம் போனா கம்பெனி பதில் சொல்லியே ஆகணும், பாதி கேஸ் அந்த இடத்துலயே முடிஞ்சிடும்ங்கறது என் அனுபவம்.

முடியலைன்னா நுகர்வோர் கோர்ட். பணம் கட்டின நாள்லேருந்து 2 வருஷத்துக்குள்ள போடணும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல 2(46) பிரிவுல நியாயமில்லாத ஒப்பந்தம்னு ஒண்ணு இருக்கு, கஸ்டமரைப் பாதகமான நிலைல தள்ற கட்டணமும் நிபந்தனையும் அதுல வரும், கேக்கவே நல்லாருக்கும். ஆனா அந்தப் பேர்ல போட்டா மாவட்ட கமிஷன் எடுக்காது, சென்னைல மாநில கமிஷனுக்குத்தான் போகணும். 50,000 ரூபாய்க்கு அதெல்லாம் தேவையா தம்பி? ரெகுலேட்டர் விதியை மீறி பணம் வாங்கினது சேவைக் குறைபாடு, நேர்மையில்லாத வணிக நடைமுறைன்னு கோயம்புத்தூர் மாவட்ட கமிஷன்லயே போடுங்க. நீங்க குடியிருக்கற ஊர்லயே போடலாம், கம்பெனி ஹெட் ஆபீஸ் மும்பைல இருந்தாலும் கவலை இல்ல. வக்கீல் கட்டாயமில்ல.

கணக்கு_வாத்தி
அட, அப்படியா. அப்ப எம்ஓடி (பத்திரத்தை அடமானமா ஒப்படைச்சதுக்கான ஆவணம்) ரிஜிஸ்டர் பண்ண கட்டினதும் திரும்ப வருமா? எனக்கும் ஒரு பெரிய தொகை போச்சே.

சட்டம்_படிச்ச_அக்கா
அது வராது, முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் அரசாங்கத்துக்குப் போனது. லோன் முடிஞ்சதும் ரசீது பதிஞ்சு எம்ஓடியை கேன்சல் பண்ணிட்டு வில்லங்கத்துல வந்துதான்னு பாத்துக்கோங்க, நிறைய பேர் அதை மறந்துட்டு வீடு விக்கும்போது அலையறாங்க.

வடவள்ளி_ரேவதி
மணி அண்ணா, லோனோட சேர்த்து சிங்கிள் பிரீமியம் இன்சூரன்ஸ் தலைல கட்டினாங்களா? எங்களுக்குக் கட்டினாங்க, லோனை முடிச்சதும் பாலிசி தானா முடிஞ்சிடும்னு பிராஞ்ச்ல சொன்னாங்க, இன்சூரன்ஸ் கம்பெனிக்கே நேரா எழுதினோம், மீதி காலத்துக்கு சரண்டர் தொகை வந்துச்சு. அதையும் கேளுங்க. பத்திரம் எல்லாம் புது பேங்குக்குப் போயிடுச்சுங்களா? முழுசா அடைச்ச 30 நாளுக்குள்ள குடுக்கணும், அவங்க தப்பால லேட்டானா நாளைக்கு 5,000 ரூபா நமக்குக் குடுக்கணும், 2023 டிசம்பர்லேருந்து இந்த ரூல் இருக்கு.

சிங்காநல்லூர்_மணி
பத்திரம் போயிடுச்சு ரேவதி, அதுல குறையில்ல. இன்சூரன்ஸ் இருக்கு, 38,000 பக்கம் லோன்லயே சேத்துட்டாங்க, எழுதிப் பாக்கறேன். நன்றிங்க எல்லாருக்கும். லெட்டர் இன்னிக்கே போடறேன்.

சிங்காநல்லூர்_மணி
அப்டேட்டுங்க. குறைதீர் அதிகாரிகிட்டேருந்து போன் வந்துச்சு, நல்லெண்ண அடிப்படைல 25,000 தர்றோம், இனிமே எந்த கிளைமும் இல்லைன்னு கையெழுத்து போடுங்கன்னு. வீட்டம்மா வாங்கிக்கலாம்ங்கறாங்க. என்ன பண்றது?

முன்னாள்_லோன்_ஆபீசர்
தப்பில்லைன்னா அவங்க எதுக்கு 25,000 தரணும்? போன்ல பேசாதீங்க, ஆஃபரை மெயில்ல அனுப்பச் சொல்லுங்க, அதுவே உங்களுக்கு ஆதாரம். இனி கிளைம் இல்லைங்கற வரி இருக்கற பேப்பர்ல மட்டும் கையெழுத்து வேண்டாம். மெயின் லோன் 51,920 முழுசா குடுத்தா டாப்-அப்பை விட்டுடலாம்னு நான் நினைக்கறேன், அது உங்க இஷ்டம்.

சிங்காநல்லூர்_மணி
மெயில்ல அனுப்பச் சொன்னேன், அப்படியெல்லாம் அனுப்ப மாட்டோம்னுட்டாங்க. மாசம் முடிய இன்னும் ஒரு வாரம் இருக்கு, முடிஞ்ச அன்னிக்கே கிரிட்ஸ்ல போட்டுட்டு இங்க சொல்றேன்ங்க.