ஸ்டேட்டிக் பவர்: ‘நிலைமின் நுகர்வு’ வேண்டாம், ‘அடிச்செலவு’ என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

மைக்ரோகண்ட்ரோலர் (கருவிகளை இயக்கும் சிறு கணினிச் சிப்) ஒரு வேலையும் செய்யாதபோதும் இழுக்கும் மின்சாரத்தை ஆங்கிலத்தில் ‘ஸ்டேட்டிக் பவர்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘நிலைமின் நுகர்வு’ என்ற பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. பள்ளியில் நிலைமின்னியல் படித்த பிள்ளைக்குத் தலையில் தேய்த்த சீப்பு காகிதத் துண்டை இழுப்பதுதான் நினைவுக்கு வரும்.

அணைத்த டிரான்சிஸ்டர் (சிப்புக்குள் மின்சாரத்தைத் திறந்து மூடும் நுண் சுவிட்ச்) வழியாகவும் ஒழுகும் மின்சாரத்தைக் குறிக்கும் ‘கசிவு மின்னோட்டம்’ நல்ல சொல். ஆனால் பாதி விஷயத்தைத்தான் சொல்கிறது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு கருவி வைத்தேன். மேட்டூரை ஜூன் 12 அன்றே திறந்தாலும் கடைமடைக்கு வந்துசேர நாளாகும்; அதுவரை சிப் தூங்க வேண்டியதுதான். இரண்டே வாரத்தில் பேட்டரி காலி. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால், போர்டுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனதும் எண் ஏறுகிறது, எடுத்தால் இறங்குகிறது. எதிலும் இணைக்காமல் விட்ட ஓர் உள்ளீட்டு முனை! அதன் மின்னழுத்தம் மேலும் இல்லாமல் கீழும் இல்லாமல் நடுவில் தொங்க, உள்ளே மேல் டிரான்சிஸ்டர், கீழ் டிரான்சிஸ்டர் இரண்டும் அரைகுறையாகத் திறந்து, மின்சாரம் நேரே கிரவுண்டுக்கு ஓடியிருக்கிறது. அந்த முனையை மேல் மின்னழுத்தத்திலேயே பிடித்து வைக்க சிப்புக்குள் இருக்கும் புல்-அப் ரெசிஸ்டரை இயக்கியதும் நின்றது. இதைக் கசிவு என்பதா? திறந்து கிடந்த மடை அல்லவா! பேட்டரி அழுத்தம் குறைகிறதா என்று எந்நேரமும் காவல் பார்க்கும் பிரவுன்-அவுட் சுற்றின் செலவும் கசிவு இல்லை.

சரி, ‘ஓய்வு மின்செலவு’? அதுவும் ஒத்துவராது. சிப் முழு வேகத்தில் ஓடும்போதும் கசிவு நடந்துகொண்டுதான் இருக்கும்.

ஆகவே ‘அடிச்செலவு’ என்கிறேன். சிப்பின் வேலைக்குத் தாளம் போடும் கிளாக் துடிக்கத் துடிக்க ஆவது ‘இயக்கச் செலவு’. துடித்தாலும் துடிக்காவிட்டாலும் அதற்கு அடியில் கிடப்பது அடிச்செலவு.

கசிவுக்குள் வகை பிரிக்க நம் மதகே போதும். ஷட்டரை முழுக்க இறக்கிய பிறகும் அடியில் தண்ணீர் ஒழுகுமே, அதுபோல அணைத்த டிரான்சிஸ்டரிலும் மூலத்திலிருந்து (சோர்ஸ்) வடிகாலுக்கு (டிரெய்ன்) ஒழுகுவது ‘மதகடிக் கசிவு’. சூடு ஏற ஏற இது வேகமாகக் கூடும். சித்திரை வெயிலில் மூடிய பெட்டிக்குள் கருவி வைக்கிறவர்கள் இதைக் கணக்கில் எடுத்தே ஆகவேண்டும். டிரான்சிஸ்டரைத் திறந்து மூடும் வாயிலுக்குக் (கேட்) கீழுள்ள மெல்லிய ஆக்சைடு என்ற காப்புப் படலத்தையே, மதகின் பலகையை ஊடுருவுவதுபோல, ஊடுருவிப் போவது ‘பலகைக் கசிவு’. அப்புறம் சந்தி (ஜங்ஷன்) வழியாக சிப்பின் அடித்தளத்துக்குப் (சப்ஸ்ட்ரேட்) போவது ‘கரைக் கசிவு’.

‘பலகை’தான் எனக்கு இன்னும் நெருடுகிறது, சில அணுக்கள் தடிமனே உள்ள படலத்துக்கு அது கனமான சொல். பொருத்தமானது தோன்றினால் எழுதுங்கள்.