செல்லப் பிராணிகள் உலவும் தோட்டம்: எதை மாற்றினால் ஆபத்து குறைகிறது? உங்கள் அனுபவங்கள்

முற்றம்:
நாய் இருக்கிற வீட்டில் தோட்டம் போடுகிறவர்கள் முதலில் தேடுவது நச்சுச்செடிப் பட்டியலை. நான் உரமூட்டையை முதலில் பாருங்கள் என்பேன். அரளி இலையைக் கடித்த நாய் கசப்பு தாங்காமல் துப்பிவிடலாம். எலும்புத்தூளும் மீன் உரமும் அப்படியில்லை, அவற்றின் வாசனையே நாயைக் கூப்பிடும். போட்ட அன்று இரவே பாத்தியைக் கிளறும். எலும்புத்தூளை நிறையத் தின்றால் அது வயிற்றில் ஈரம் பட்டு சிமென்ட் போல இறுகி அடைத்துக்கொள்ளும். அறுவை சிகிச்சை வரை போகலாம்.

இவற்றைவிடக் கொடியது ஆமணக்குப் புண்ணாக்கு. எண்ணெய் பிழிந்த பிறகும் ரிசின் நஞ்சு சக்கையிலேயே தங்கிவிடும். நன்றாகச் சூடுபடுத்தினால் அது சிதையும் என்பது சரிதான், ஆனால் கையிலிருக்கும் மூட்டை அப்படிப் பக்குவமானதா என்று பார்வையில் சொல்ல முடியாது. தின்ற சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாளுக்குள் வாந்தி, இரத்தக் கழிச்சல், சோர்வு என்று வரும். முறிமருந்து கிடையாது. ‘இயற்கை உரம்’ என்று போட்டிருந்தாலும் நாய் உள்ள தோட்டத்துக்கு இது வேண்டவே வேண்டாம்.

எலும்புத்தூளை விட மனமில்லை என்றால் மேலே தூவாதீர்கள். குழியின் அடிமண்ணோடு நன்றாகக் கலந்து மூடி, மேலே கம்பி வலையை விரித்து நாலு மூலையிலும் கல் வையுங்கள். செடி வேர்பிடிக்கும் வரை வலை இருக்கட்டும். மீதி உரம் மூடி இறுகும் வாளியில், அலமாரியின் மேல்தட்டில்.

பூனைவீடு:
பூனைக்கு வேறு கணக்கு. முதல் எதிரி லில்லி. உண்மையான லில்லி வகைகளும் டே லில்லியும் பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். இலை, இதழ், மகரந்தம், ஏன், பூச்சாடித் தண்ணீர்கூட ஆபத்து. கடிக்க வேண்டும் என்பதில்லை. உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே போதும்.

ஏமாற்றுகிற இடம் ஒன்று உண்டு. முதலில் வாந்தி எடுக்கும். அரை நாளில் வாந்தி நின்று தேறிவிட்டது போலத் தெரியும். சிறுநீரகம் கெடுவது அதன் பிறகு, 24 முதல் 72 மணி நேரத்துக்குள். ஆகவே பூனையின் மூக்கில் மகரந்தத் தூள் தெரிந்தாலே மருத்துவரிடம் கிளம்பிவிடுங்கள். 18 மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்கினால் பிழைக்கும் வாய்ப்பு நன்றாக இருக்கும். பீஸ் லில்லி வேறு இனம். வாயை அரித்து எச்சில் ஒழுக வைக்கும், சிறுநீரகத்தைத் தொடாது.

இன்னொன்று: நாய்க்கான உண்ணி மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி அதிகம். பூனை உடம்பால் அதைச் சரியாக முறிக்க முடியாது. நடுக்கமும் வலிப்பும் வரும். நாய்க்குப் போட்டால் மருந்து காயும் வரை பூனையைத் தள்ளி வையுங்கள்.

செம்மண்:
முற்றம் சொன்னதில் பாதிதான் எனக்கு உடன்பாடு. இலையைத் துப்புகிற நாய் கிழங்கையும் கொட்டையையும் துப்புவதில்லை. பனை போலத் தெரியும் அலங்காரச் செடியான சைகஸின் கொட்டை ஒன்றிரண்டே ஒரு நாயின் ஈரலைக் கெடுக்கப் போதும். செங்காந்தள் கிழங்கும் அதே அளவுக்கு மோசம். மண்ணைத் தோண்டும் பழக்கமுள்ள நாய் என்றால் இந்த இரண்டையும் வேரோடு எடுத்துவிடுங்கள், வேலி போட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். அரளியை வெட்டினால் கழிவை அன்றே அகற்றுங்கள், காய்ந்த இலையிலும் நஞ்சு குறையாது. முயல் இருக்கிற வீட்டில் இது இன்னும் முக்கியம்.

வேலியோரம்:
தோண்டி வெளியேறும் நாய்க்கு வேலியை ஆழமாக இறக்குவது வீண் உழைப்பு. நாய் தோண்டுவது வேலியின் காலடியில்தான். ஓர் அடி பின்னால் தள்ளி நின்று தோண்ட அதற்குத் தோன்றாது. 60 செ.மீ. அகலமுள்ள துத்தநாகப் பூச்சுக் கம்பி வலையை நடுவில் மடித்து, பாதியை வேலியோடு 15 செ.மீ.க்கு ஒரு கட்டாகக் கட்டுங்கள். மறுபாதியை நாய் இருக்கும் பக்கமாகத் தரையில் விரித்து, கூர்முனைகளைக் கீழ்நோக்கி மடித்து, மேலே மண் போடுங்கள். வெளிப்பக்கமாக விரித்தால் பலனில்லை. அது உள்ளே நுழைகிற பிராணிகளைத் தடுக்கும் முறை. வாயிற்கதவின் அடியில் சந்து இருந்தால் ஒரு பலகைக்கல் பதித்தால் முடிந்தது.

மட்குக்குழி:
மட்குத் தொட்டியை யாரும் சொல்லவில்லையே. பூசணம் பிடித்த உணவில் உண்டாகும் சில நஞ்சுகள் நாய்க்குக் கடும் நடுக்கத்தைத் தரும். கொக்கி வைத்த மூடி, அடியில் 12 மி.மீ. கண்ணுள்ள வலை, இரண்டும் கட்டாயம். அடிவலை எலிக்காக. எலி வந்தால்தான் எலிமருந்து வருகிறது.

எலிமருந்தில் இரத்தம் உறையாமல் தடுக்கும் வகையைத் தின்ற நாய் மூன்று நாளைக்குக்கூட நன்றாகவே ஓடியாடும். பிறகுதான் ஈறு வெளுக்கும், இருமும், மூக்கில் இரத்தம் வரும். வைட்டமின் கே1 கொடுத்தால் காப்பாற்றலாம், பல வாரம் தொடர வேண்டும். சிங்க் பாஸ்பைடு என்றால் முறிமருந்து இல்லை. வயிற்று அமிலத்தில் பட்டு நச்சு வாயு கிளம்பும். நாயைக் காரில் கொண்டுபோகும்போது எல்லா ஜன்னலையும் திறந்து வையுங்கள், நாய் வாந்தி எடுத்தால் அந்த வாயு உங்களையும் தாக்கும். எலிமருந்தின் உறையைத் தூக்கி எறியாதீர்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் மருத்துவர் எதைக் கொடுப்பது என்று முடிவு செய்ய முடியும்.

பூனைவீடு:
ஒரு கோரிக்கை. எதைத் தின்றிருந்தாலும் உப்புத் தண்ணீர் புகட்டாதீர்கள். இரத்தத்தில் உப்பு ஏறி அதுவே உயிரை எடுக்கும். மருத்துவரை அழைக்கும்போது எடை, தின்ற நேரம், தோராய அளவு மூன்றையும் சொல்லுங்கள்; கடித்த செடியின் ஒரு கொத்தைப் பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.

வேலியோரம்:
தேரையைக் கவ்விய நாய்க்கு மட்டும் வீட்டிலேயே உடனே செய்ய வேண்டியது உண்டு. தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்து, வாயின் பக்கவாட்டிலிருந்து முன்பக்கமாகத் தண்ணீரை மெதுவாக ஓடவிடுங்கள். தொண்டைக்குள் அடிக்கக் கூடாது. ஈறையும் நாக்கையும் ஈரத்துணியால் துடையுங்கள், ஒவ்வொரு தடவையும் துணியை அலசிவிட்டு. நுரை தள்ளுவது நிற்காவிட்டாலோ தள்ளாடினாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள்.