பதில்: 'ஒற்றை மூலமாக்கல்' – 'தாய்க்கோப்பு முறை' சரிப்படுமா?

நண்பர்களுக்கு வணக்கம். ஒரு செய்தியை ஒரே இடத்தில் எழுதிவைத்துப் பல ஆவணங்களில் பயன்படுத்தும் முறைக்கு ('சிங்கிள் சோர்சிங்') 'ஒற்றை மூலமாக்கல்' என்பதைவிட 'தாய்க்கோப்பு முறை' என்ற பெயர் பொருந்துமா என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> ஒரே இடத்தில் எழுதிப் பல ஆவணங்களுக்கு எடுப்பதால் 'நாற்றங்கால் முறை' என்று வைக்கலாமே. நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும்.

மன்னார்குடி நண்பரின் சொல் கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பொருள் நேர் எதிராகப் போய்விடும். நாற்றைப் பறித்து முடி கட்டி வயலில் நட்ட பிறகு நாற்றங்காலுக்கும் அதற்கும் ஒட்டுறவே இல்லை. அது காப்பி பேஸ்ட்டுக்குத்தான் பொருந்தும். நமக்கு வேண்டியது ஒட்டு விடாத ஏற்பாடு.

கும்பகோணத்தில் தொழில்நுட்ப எழுத்து வேலைக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு சப்மெர்சிபிள் மோட்டார் கையேட்டைத்தான் பயிற்சியாகக் கொடுக்கிறேன். 5 எச்பிக்கு ஒன்று, 7.5 எச்பிக்கு ஒன்று. "மோட்டாரில் கை வைக்கும் முன் மெயின் சுவிட்சை அணைக்கவும்" என்ற எச்சரிக்கை இரண்டிலும் வரும். அப்புறம் அதில் "பியூஸையும் கழற்றிவிடவும்" என்று சேர்க்கச் சொன்னால், பலரும் ஒன்றில் சேர்த்துவிட்டு மற்றதை மறந்துவிடுகிறார்கள். அந்தக் கையேட்டை நம்பி யாரோ ஒரு விவசாயி போர்செட்டில் இறங்கி வேலை பார்ப்பார், அதனால் இதைச் சின்னத் தவறு என்று விட என்னால் முடியாது.

எச்சரிக்கையைத் தனிக் கோப்பில் ஒரு தடவை எழுதி, இரண்டு கையேடும் அதைச் சுட்டும்படி வைத்தால் திருத்தம் ஒரே இடத்தில் முடிந்துவிடும். 2005-இல் ஓயாசிஸ் என்ற தர அமைப்பு தரமாக ஏற்ற டிட்டாவில் (எக்ஸ்எம்எல் என்ற குறிமொழியில் ஆவணம் எழுதும் முறை, DITA) இதற்குக் கான்ரெஃப் (conref) என்ற வசதி இருக்கிறது, மேட்கேப் ஃபிளேர் என்ற ஆவண மென்பொருளில் ஸ்னிப்பெட். வெறும் மார்க்டவுனில் (எளிய குறிகளால் எழுத்தை வடிவமைக்கும் முறை) கிடையாது, வேறு கருவியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். புதிதாக வருகிறவர் மென்பொருள் பெயர்களை அடுக்குவதைவிட இந்த எண்ணத்தைப் பிடித்துக்கொள்வதுதான் முக்கியம், கருவி எதுவானாலும் பிறகு பழகிக்கொள்ளலாம். கூடவே கோப்புகளின் மாற்றங்களைப் பதிவு செய்துவைக்கும் கிட் (Git), கொஞ்சம் எக்ஸ்எம்எல், பொறியாளரிடம் கூச்சமில்லாமல் கேட்கும் பழக்கம் வேண்டும்.

'ஒற்றை மூலமாக்கல்' தப்பில்லை, ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பது அதில் தெரியவில்லை. 'தாய்க்கோப்பு' என்றால் தெரிகிறது. நிலம் வைத்திருக்கும் வீட்டில் தாய்ப்பத்திரம் என்றால் யாருக்கும் விளக்க வேண்டாம், பின்னால் எழுதும் கிரயம் எல்லாம் அதைக் காட்டித்தான் நிற்கும். பேச்சிலும் இடறவில்லை: "தாய்க்கோப்பில் திருத்திவிட்டாயா?" என்று வகுப்பில் இயல்பாகக் கேட்க முடிகிறது.

கான்ரெஃபுக்கு இப்போதைக்குச் 'சுட்டிச் சேர்த்தல்' என்று எழுதிவருகிறேன். அதைவிடச் சுருக்கமான சொல் இருந்தால் அனுப்புங்கள், இரண்டையும் சேர்த்தே கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாம்.