கவுன்சலிங்கில் சின்ன வயதைக் கிளறுவது எதற்கு?

பினாங்கு மகள்:
எனக்கு 36 வயது, மலேசியாவில் பினாங்கு ஜெலுத்தோங்கில் இருக்கிறேன். நாலு மாதமாகக் கவுன்சலிங் போகிறேன். வீட்டுக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தால் எனக்குள் ஏதோ மரத்துப் போய்விடுகிறது. கோபமும் வராது, அழுகையும் வராது, அவர் வந்த பிறகு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேச முடியாது. "அம்மா ஏன் பேச மாட்டேங்கிறீங்க" என்று மகள் கேட்க ஆரம்பித்த பிறகுதான் போனேன். ஆனால் கவுன்சிலர் திரும்பத் திரும்ப என் சின்ன வயதுக்கே போகிறார்.

அம்மாவுக்கு பாயான் லெப்பாஸ் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை, அப்பாவுக்கு லாரி. பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் ஒரு வயதிலேயே என்னை நிபோங் திபால் பக்கம் தோட்டத்தில் இருந்த பாட்டியிடம் விட்டார்கள். லீவு கிடைத்த ஞாயிறுகளில் வந்து பார்ப்பார்கள். ஏழு வயதில் முதலாம் ஆண்டு சேர்க்கத்தான் என்னைப் பினாங்குக்குக் கூட்டி வந்தார்கள். யாரும் என்னை அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. இரவெல்லாம் கண் விழித்து உழைத்த அம்மாவைப் பற்றி மூன்றாம் மனிதரிடம் குறை சொல்லிவிட்டு வருவது போல இருக்கிறது, வீட்டுக்கு வந்தால் அவர் முகத்தைப் பார்க்கவே கூசுகிறது. இதற்கும் அதற்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா, இல்லை நிறுத்திவிடலாமா?

செந்தூல் வாசி:
நிறுத்தாதீர்கள் தங்கச்சி. நான் குழந்தைகள் வார்டில் பல வருடம் தாதியாக இருந்தவள், நீங்கள் எழுதியதைப் படித்ததும் படிக்கிற காலத்தில் சொல்லிக் கொடுத்த ஒன்று ஞாபகம் வந்தது. 1950களில் லண்டனில் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி, அவருடன் வேலை செய்த ஜேம்ஸ் ராபர்ட்சன் என்று இருவர், ஆஸ்பத்திரியில் பெற்றோரைப் பிரிந்து கிடந்த சின்னப் பிள்ளைகளைக் கவனித்தார்கள். முதலில் பிள்ளை கத்தி அழும். அப்புறம் சோர்ந்து சுருண்டுவிடும். அதற்கும் பிறகு அமைதியாகிவிடும், சாப்பிடும், விளையாடும், அம்மா வந்தால் தெரியாதவரைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பிள்ளை பழகிக்கொண்டது என்றுதான் வார்டில் எல்லோரும் நினைத்தார்கள்.

இரண்டு நாள் முகம் கொடுக்க முடியவில்லை என்கிறீர்களே, அது இதுவாக இருக்கலாம். உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த் ஒரு வயதுப் பிள்ளைகளை வைத்துப் பார்த்த சோதனையிலும் அம்மா வெளியே போய்த் திரும்பி வரும்போது பிள்ளை என்ன செய்கிறது என்பதைத்தான் முக்கியமாகக் கவனித்தார். கண்டுகொள்ளாமல் விளையாடிய பிள்ளைகளும் உண்டு. பிற்பாடு அப்படிப்பட்ட பிள்ளைகளின் இதயத் துடிப்பை அளந்தபோது அதுவும் ஏறித்தான் இருந்தது. மரத்துப்போவது வெளியே தெரிவது மட்டும்தான், உள்ளே வேறு.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஆஸ்பத்திரிப் பிள்ளைகளின் பெற்றோர் கெட்டவர்களா? எப்போதாவதுதான் வந்து பார்க்கலாம் என்பது ஆஸ்பத்திரியின் விதி. உங்கள் அம்மாவை ஞாயிற்றுக்கிழமை விருந்தாளியாக்கியது ஷிப்ட் வேலை. பாயான் லெப்பாஸ் சுதந்திர வாணிப வட்டாரம் 1972இல் தொடங்கியதிலிருந்து எத்தனை பெண்கள் பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு இப்படி பஸ் ஏறியிருப்பார்கள்! இதைச் சொல்வது குறை சொல்வது ஆகாது.

முல்லை:
அக்கா, நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். எல்லாவற்றையும் சின்ன வயதின் தலையில் போடுவதும் ஆபத்து. 1998இல் ஃபெலிட்டி, ஆண்டா என்ற மருத்துவர்களின் குழு அமெரிக்காவில் வெளியிட்ட பெரிய ஆய்வு சிறு வயதுத் துன்பங்களை எண்ணிப் பார்த்து, அவை கூடக் கூடப் பிற்கால நோய்களும் கூடுவதைக் காட்டியது. அதைப் பிடித்துக்கொண்டு இணையத்தில் ஆளாளுக்கு மார்க் போட்டுப் பார்க்கிறார்கள். தனி ஒருவரின் வாழ்க்கையை அந்த எண்ணை வைத்துக் கணிக்கக் கூடாது என்று ஆண்டாவே 2020இல் எழுதினார்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஒரு வயதிலிருந்து ஏழு வயது வரை உங்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, பக்கத்தில் படுக்க வைத்தது யார்? பாட்டி. குழந்தைக்கு அங்கேதான் ஒட்டுதல் வந்திருக்கும். நீங்கள் எல்லோரும் அம்மாவைப் பிரிந்ததையே பேசுகிறீர்கள், பாட்டியைப் பிரிந்த நாளைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். கவுன்சிலரிடம் அதைச் சொன்னீர்களா? (அவர் பதிவு பெற்ற கவுன்சிலர்தானே? மலேசியாவின் 1998 கவுன்சிலர் சட்டப்படி பதிவு கட்டாயம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.)

பினாங்கு மகள்:
பதிவு பெற்றவர்தான். முல்லை, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுத முடியவில்லை.

அந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பாட்டி எண்ணெய் வைத்து இறுக்கமாக ரெட்டைச் சடை பின்னிவிட்டார். காரில் ஏற்றியதும் நான் கத்தினேன். "பெத்தவகூடப் போறதுக்கு யாராச்சும் அழுவாங்களா, அம்மா மனசு நோகும்ல" என்று அத்தை சொன்னார். அதோடு நிறுத்திவிட்டேன். படிவம் நான்கு படிக்கும்போது பாட்டி இறந்தபோதும் அழவில்லை, வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். பொறுப்பான பிள்ளை என்று எல்லோரும் பாராட்டினார்கள். இதில் ஒன்றைக்கூட கவுன்சிலரிடம் சொன்னதில்லை, சொல்ல ஒன்றும் இல்லை என்றே நினைத்திருந்தேன்.

நேற்று அம்மாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நீ அழுதத பார்த்தேன்மா. எனக்குத் தாங்கல, அதான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்" என்றார். நானும் அந்தப் பக்கத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் பினாங்கு வரை வந்தேன்.

வியாழக்கிழமை கவுன்சலிங் இருக்கிறது. தானும் கூட வரலாமா என்று அம்மா கேட்கிறார், கவுன்சிலரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.