மறு: மறு: ஸ்டாகர்டு ஃபார்மேஷன் – தமிழில்?

வணக்கம். மோட்டார்சைக்கிள் குழுப் பயணத்தில் வண்டிகள் தடத்தின் இடமும் வலமும் மாறி மாறிப் போகும் முறைதான் 'ஸ்டாகர்டு ஃபார்மேஷன்'. நம் வழிகாட்டிக்காக அதற்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம்.

> 'இரட்டை வரிசை' என்றே போடலாமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும், தப்பாகப் புரியும். குழுப் பயண வழிகாட்டியில் 'இரட்டை வரிசையாகச் செல்லவும்' என்று அச்சிட்டால், புதிதாகச் சேர்ந்த பையன் பக்கத்து வண்டியோடு தோளுரச ஓட்டுவான், பேசிக்கொண்டே வேறு. திடீரென்று குழி வந்தால் ஒதுங்க இடம் இருக்காது. எதைத் தவிர்க்க இந்த முறை வந்ததோ, அதையே இந்தப் பெயர் செய்யச் சொல்கிறது.

முறை இதுதான். சாலையில் நம் பக்கத்து ஒரு தடத்தை (லேன்) நீளவாக்கில் மூன்று பங்காக நினைத்துக்கொள்ளுங்கள். நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் முதல் வண்டி வலது பங்கில், நடுக்கோட்டுப் பக்கமாகப் போகும். எதிரே வருவதும் முன்னால் இருப்பதும் அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும். அடுத்தது இடது பங்கில். மூன்றாவது மறுபடி வலது. அமெரிக்காவின் மோட்டார்சைக்கிள் சேஃப்டி ஃபவுண்டேஷன் சொல்லித்தருவது: மூலைவாட்டில் முன்னால் போகும் வண்டிக்கு 1 வினாடி இடைவெளி, நேர் முன்னால் போகும் வண்டிக்குக் குறைந்தது 2 வினாடி. மணிக்கு 60 கிலோமீட்டரில் 2 வினாடி என்றால் ஏறத்தாழ 33 மீட்டர். குழு நெருக்கமாகவும் இருக்கும், பிரேக் பிடிக்க இடமும் இருக்கும். முக்கியமானது, பக்கத்தில் யாரும் இல்லை என்பதால் அவசரத்தில் ஒதுங்கத் தடத்தின் முழு அகலமும் ஒவ்வொருவருக்கும் சொந்தம்.

ஆக, தூரத்திலிருந்து பார்ப்பவருக்குத்தான் அது இரண்டு வரிசை. ஓட்டுகிறவருக்கு ஒரே வரிசை, இடமும் வலமும் மாறி மாறி நிற்கிறது. பெயரில் வரவேண்டியது அந்த 'மாறி மாறி'.

'வளைவணி' வேண்டாம், யாரும் வளைந்து வளைந்து ஓட்டவில்லை. 'மாற்றணி' கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் தேர்தல் வாடை அடிக்கிறது. தாவரவியலில் தண்டின் இரு பக்கமும் மாறி மாறி இலை விடுவதை 'மாற்றிலை அமைவு' என்கிறார்கள். அந்த 'மாற்று' நமக்கு அப்படியே பொருந்தும். வரிசைக்கு 'நிரை' எடுத்துக்கொண்டால் மாற்றுநிரை. கூடவே ஒற்றைநிரை, இணைநிரை என்று குடும்பமே கிடைக்கிறது.

இந்த ஒற்றைநிரை சும்மா துணைக்கு வருவதில்லை. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே மாற்றுநிரையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனால் ஆபத்து. வண்டியைச் சாய்த்துத் திருப்ப ஒவ்வொருவருக்கும் முழுத் தடமும் வேண்டும். வலது வளைவில் நடுக்கோட்டை ஒட்டிச் சாய்ந்தால் டயர் நம் பக்கம் இருக்கும், தலை எதிர்த்தடத்தில் இருக்கும். மேலிருந்து பேருந்து அகலமாகத் திரும்பி வரும் நேரம் பார்த்து. அடிவாரத்திலேயே ஒற்றைநிரைக்கு மாறிவிட வேண்டும். குறுகிய பாலம், சரளைக்கல் கொட்டிய இடம் எல்லாவற்றுக்கும் இதே கதை.

---

> மாற்றுநிரை

ஏட்டில் சரி. ஆனால் டீக்கடை வாசலில் நின்று சொல்லிப் பாருங்கள். 'நிரை' என்றால் 'நிறையா?' என்று கேட்பார்கள். எங்கள் குழுவில் 'ஸ்டாகர்ல வாங்க' என்கிறோம், வேலை முடிந்தது. தமிழில்தான் வேண்டுமென்றால் 'ஒன்றுவிட்டு ஒன்று' போதாதா?

---

அண்ணா, 'ஒன்றுவிட்டு ஒன்று' என்றால் நடுவில் ஒரு வண்டி இடம் காலி என்றும் எடுத்துக்கொள்வார்கள். இடது, வலது என்ற செய்தி அதில் இல்லை. நிரை/நிறை குழப்பம் நியாயமான கவலை, ஒப்புக்கொள்கிறேன். அதனால் வழிகாட்டியில் மாற்றுநிரை, வாய்வழக்கில் மாற்றுவரிசை. இரண்டும் ஒன்றே என்று அருஞ்சொல் பட்டியலில் போட்டுவிடுவோம். 'ஸ்டாகர்' என்று சொல்பவரை யாரும் தடுக்கப்போவதில்லை. இரட்டை வரிசை மட்டும் எங்கேயும் வரக்கூடாது.

அடுத்து, கடைசியில் வரும் 'ஸ்வீப்'. யாராவது பின்தங்கினால் கூட நிற்பவர், குழுவிலேயே நிதானமான ஆள். முதலில் போகிறவருக்கு 'முன்னோடி' சிக்கல் இல்லாமல் அமைந்துவிட்டது. பழந்தமிழில் படையின் முன்வரிசைக்குத் 'தூசி', பின்வரிசைக்குக் 'கூழை' என்று பெயர் உண்டு. ஆனால் 'இன்றைக்கு நீதான் கூழை' என்றால் எவன் வருவான்? என் ஓட்டு 'கடைக்காவலர்'. வேறு யோசனை இருந்தால் புது இழையில் எழுதுங்கள்.