ஆயி பட்டணம் எங்கே? உயர வரைபடம் வைத்திருப்பவர்கள் உதவவும்

பைபிளின் யோசுவா புத்தகம் 7, 8 அதிகாரங்களில் வரும் ஆயி, எத்-தெல் மேடா அல்லது அதற்கு மேற்கே சுமார் ஒரு கிலோமீட்டர் தள்ளியுள்ள கிர்பெத் எல்-மகாத்திரா என்று சோதித்துக்கொண்டிருக்கிறோம். எத்-தெல் என்றாலே அரபியில் மண்மேடுதான்; ஆயி என்பதற்கும் எபிரெயத்தில் இடிபாட்டுக் குவியல் என்றே பொருள் சொல்வார்கள். ஆனால் பெயர் ஒற்றுமையை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். யூதித் மார்க்கே-க்ரோஸ் 1933-35இலும், பிறகு ஜோசப் காலவேயும் எத்-தெல்லில் அகழ்வாய்வாகத் தோண்டியதில், கி.மு. 2400 வாக்கில் அழிந்த பெருநகரம் கிடைத்தது. அதன்பின் சுமார் கி.மு. 1200 வரை அங்கே குடியிருப்பே இல்லை; அப்படியானால் யோசுவா பிடிக்க அங்கே ஊர் இருந்ததா என்பதே கேள்வி.

நாங்கள் சிக்கியிருப்பது யோசுவா 8:9-13இல். இஸ்ரவேலரின் பாளயம் ஆயிக்கு வடக்கே, நடுவில் பள்ளத்தாக்கு; பதிவிருந்தவர்கள் மேற்கே, பெத்தேலுக்கும் ஆயிக்கும் நடுவில். அந்த இடம் பட்டணத்திலிருந்து கண்ணில் படக்கூடாது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் 30 மீட்டர் உயரத் தரவு இதற்கு உதவாது: சின்ன மடிப்புகள் மழுங்கிவிடும், இன்றைய வீட்டுக்கூரையும் நிலமாகக் கணக்காகும்.

பிரிட்டிஷ் ஆட்சிக்கால 1:20,000 பாலஸ்தீன வரைபடத்தில் பெய்தீன் (பெத்தேல் என்று பலரும் கருதும் ஊர்), அருகிலுள்ள தெய்ர் திப்வான் பகுதித் தாள் யாரிடமாவது உண்டா? சமவுயரக் கோடுகளும் ஓரத்து ஆயத்தொலை எண்களும் தெளிவாகத் தெரியும் ஸ்கேன் வேண்டும். கைபேசியில் சாய்வாக எடுத்த படம் வேண்டாம், கோணல் திருத்தவே பாதி நாள் போய்விடும். பெத்தேல் பெய்தீன் அல்ல, எல்-பீரே என்று வாதிடுபவர்களும் வரலாம். அப்போது ஆயி பெத்தேலுக்குக் "கிழக்கே" (7:2) என்ற குறிப்பையே மறுபடி அளக்க வேண்டும்.