பிஎஸ்என்எல் இல்லாவிட்டால் நெட் கட்டணம் எங்கே போய் நிற்கும்?

தெற்குவீதி:
2024 ஜூலை 3, 4 தேதிகளில் ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா மூன்றும் கட்டணத்தை ஏற்றின. தினம் ஒன்றரை ஜிபி தரும் ஜியோவின் 28 நாள் ரீசார்ஜ் 239 ரூபாயிலிருந்து 299 ஆனது. பிஎஸ்என்எல் மட்டும் ஏற்றவில்லை. அந்த ஒரே மாதத்தில் அதற்கு ஏறக்குறைய 29 லட்சம் வாடிக்கையாளர்கள் கூடினார்கள். “பிஎஸ்என்எல்லை விற்றுத் தள்ளுங்கள்” என்று இங்கே அடிக்கடி எழுதுகிறவர்களிடம் ஒரே கேள்வி. அதையும் விற்றிருந்தால் அந்த மாதம் இத்தனை பேரும் எங்கே போயிருப்பார்கள்?

மோடம்97:
அரசு மட்டுமே நெட் விற்ற காலத்தை மறந்துவிட்டீர்களா நண்பரே? 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான விஎஸ்என்எல் இணையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்தது. 250 மணி நேரத்துக்குத் தனிநபருக்கு 5,000 ரூபாய், நிறுவனங்களுக்கு 15,000. வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட் (கேபிபிஎஸ்). அதாவது மணிக்கு 20 அல்லது 60 ரூபாய், டெலிபோன் பில் தனி. மாணவர்களுக்கு 500 ரூபாயில் ஒரு கணக்கு கொடுத்தார்கள், அதில் எழுத்து மட்டும்தான் வரும், படம் வராது. 1998 நவம்பரில் தனியாரை அனுமதித்தார்கள். நம்ம சென்னையிலிருந்தே சத்யம் இன்ஃபோவே என்ற தனியார் நிறுவனம் களத்தில் இறங்கியது. அதற்கு அப்புறம்தான் தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் வந்தது. விலையை இறக்கியது போட்டி.

தெற்குவீதி:
போட்டி வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? போட்டியாளர்களில் ஒருவர் அரசாக இருக்க வேண்டும் என்கிறேன். நீங்கள் சொல்வது ஏகபோகத்தின் கதை. இன்று ஏகபோகத்தை நோக்கிப் போவது யார் என்று பாருங்கள். ஏர்செல் போனது, டாடா டோகோமோ போனது, ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் போனது. மிஞ்சிய தனியார் மூவர்தான், அதிலும் ஒன்று தள்ளாடுகிறது.

நிலா_தென்காசி:
இருவரும் மொபைலையே பேசுகிறீர்கள். 2005-இல் பிஎஸ்என்எல் ‘டேட்டாஒன்’ பிராட்பேண்ட் கொண்டுவந்தபோது மாதம் 500 ரூபாய்க்கு 256 கேபிபிஎஸ். எங்கள் ஊர் மாதிரி இடங்களில் அன்றைக்குத் தனியார் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஏற்கெனவே வீட்டில் இருந்த டெலிபோன் கம்பியில் ஒரு ஸ்ப்ளிட்டரை மாட்டி, ஒரு முனை போனுக்கு, மறு முனை மோடத்துக்கு. மோடத்தில் இணைப்பைக் காட்டும் டிஎஸ்எல் விளக்கு மினுக்குவதை நிறுத்தி நிலையாக எரிந்தால் நெட் வந்துவிட்டது. இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை கணக்கில்லாமல் இறக்கிக்கொள்ளலாம் என்று ஒரு பிளான் இருந்தது. அலாரம் வைத்து எழுந்து பாடக் குறிப்புகளை இறக்கிய பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். லாபம் வருமா என்று மட்டும் கணக்குப் பார்க்கிற கம்பெனி எங்கள் ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு எப்போது வந்திருக்கும்?

மோடம்97:
அக்கா, அந்தப் பணியை நானும் மதிக்கிறேன். ஆனால் அதற்கு இப்போது நாம் கொடுக்கும் விலையையும் பாருங்கள். பிஎஸ்என்எல்லுக்கு அரசு 2019-இல் ஒரு மீட்புத் திட்டம் போட்டது. 2022-இல் 1.64 லட்சம் கோடி. 2023-இல் மறுபடி 89,000 கோடி. இதில் நம் வரிப்பணமும் இருக்கிறது. ரீசார்ஜ் கடையில் மிச்சமானதை வரியாகக் கட்டுகிறோம். அந்த 29 லட்சமும் நிலைக்கவில்லையே! அதே ஆண்டு நவம்பரிலேயே எண்ணிக்கை இறங்க ஆரம்பித்துவிட்டது. விலை குறைவு என்று போனவர்கள் 4ஜி இல்லாமல் திரும்பினார்கள். சிக்னல் இல்லாத மலிவு யாருக்கும் போட்டி ஆகாது.

தெற்குவீதி:
4ஜி ஏன் இல்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஜியோ 4ஜி தொடங்கியது 2016 செப்டம்பர். பிஎஸ்என்எல்லுக்கு 4ஜி அலைக்கற்றை (சிக்னல் அனுப்பும் ரேடியோ அலைவரிசை) ஒதுக்க மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்டதே 2019 அக்டோபர். 2020-இல் டெண்டர் போட்டு அதையும் ரத்து செய்தார்கள். தனியாருக்கு நோக்கியா, எரிக்சன், சாம்சங் கருவிகள் போதும். பிஎஸ்என்எல் மட்டும் உள்நாட்டில் உருவாகிவந்த கருவிக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. நாடு முழுமைக்குமான 4ஜியை 2025 செப்டம்பர் 27-இல் ஒடிசாவின் ஜார்சுகுடாவில் தொடங்கிவைத்தார்கள். ஒன்பது வருடம்! இடையில் சுமார் 78,000 ஊழியர்களை விருப்ப ஓய்வில் அனுப்பிவிட்டார்கள். காலைக் கட்டிவிட்டு ஓடத் தெரியவில்லை என்பது நியாயமா?

மோடம்97:
கட்டியது யார்? அதன் முதலாளியான அரசுதான். நான் சொல்வதும் அதுவே. தனியார் கம்பெனி ஒன்பது வருடம் தாமதித்திருந்தால் மூடியிருப்பார்கள். இங்கே தாமதப்படுத்திய யாருக்கும் எந்தக் கேள்வியும் இல்லை, பில் மட்டும் நமக்கு. உள்நாட்டுக் கருவி வேண்டும் என்றால் அது தேசத்தின் முடிவு. அந்தச் செலவைத் தனியாகக் காட்டுங்கள், பிஎஸ்என்எல்லின் நஷ்டத்தில் போட்டு மறைக்காதீர்கள்.

நிலா_தென்காசி:
இந்தக் கடைசி வரி மிகச் சரி. அதோடு இன்னொன்று. மொபைல் கட்டணத்தைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் நிர்ணயிப்பதில்லை, கம்பெனிகளே வைத்துக்கொள்ளலாம். என் பெரியம்மா வைத்திருப்பது பட்டன் போன். பேச மட்டும் ரீசார்ஜ் கேட்டால் கடைக்காரர் டேட்டாவோடு சேர்ந்ததைத்தான் போட்டுவிடுவார். பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் தனி ரீசார்ஜ் வைத்தே ஆக வேண்டும் என்று 2024 டிசம்பரில் ட்ராய் விதி போட்ட பிறகுதான் அது கிடைத்தது. போட்டி அதைத் தரவில்லை. ஆக, பிஎஸ்என்எல் வேண்டும், அதன் டவரில் 4ஜி வேண்டும், ட்ராய்க்கு வாயும் வேண்டும். தனியார் மூவரும் ஒரே வாரத்தில் கட்டணம் ஏற்றினால் ட்ராய் காரணத்தை எழுத்தில் கேட்டு வெளியிடட்டும்.

தெற்குவீதி:
அப்படிக் கேட்டால் முதலில் கையெழுத்துப் போடுவது நான்தான் அக்கா. ஆனால் பிஎஸ்என்எல் டவர்களையும் ஃபைபரையும் விற்கும் பேச்சு வந்தால் அதை எதிர்த்தும் எழுதுவேன்.

மோடம்97:
எழுதுங்கள். கூடவே மாவட்டவாரியாக எத்தனை டவரில் 4ஜி ஓடுகிறது என்று மாதாமாதம் வெளியிடச் சொல்லியும் எழுதுங்கள். அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு என் சிம்மை மாற்றுவதா என்று முடிவு செய்கிறேன்.